முதல் பிரிவா, மூன்றாம் பிரிவா?

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு நிர்வாகியாக விரும்புகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ, கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. அதன் முதல் பிரிவில் நன்கொடை, ஒளிபரப்பு ஒப்பந்தம், பயிற்சியாளர் நியமனம் என்று பணத்தைச் சுற்றியே நாள் ஓடும். 2025 ஜூலை முதல் வீரர்களுக்கே கல்லூரி நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். அமெரிக்கக் கால்பந்து அணி தொடர்ந்து தோற்றால் விளையாட்டு இயக்குநரின் நாற்காலியும் ஆடும்.

மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. சம்பளம் குறைவு; பயிற்சியும் அளித்து அலுவலகத்தையும் ஒருவரே பார்ப்பதுண்டு. ஆனாலும் மாணவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் நெருக்கம் இங்குதான் கிடைக்கிறது. என் மனம் இதன் பக்கமே. இது சிறிய இடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூன்றாம் பிரிவில் இருந்த சான் டியாகோ கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் ஜூடித் ஸ்வீட்தான் 1991இல் என்சிஏஏவின் முதல் பெண் தலைவரானார்.