மலையகத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து: விமானம் ஏறுமுன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

லீவுக்கு ஊர் வந்த இடத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் அடிபட்டால், வீட்டார் முதலில் விசாரிப்பது "நல்ல லோயர் யார்?" என்றுதான். எப்பேர்ப்பட்ட சட்டத்தரணியாக இருந்தாலும், முதல் இரண்டு நாட்களில் ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் எழுதப்பட்டதை வைத்துத்தான் வழக்காட முடியும். அங்கே விடுபட்டதைப் பிறகு நிரப்புவது மிகக் கடினம். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குத் திரும்பும் டிக்கெட் திகதி வேறு கழுத்தில் நிற்கும். எதிர்த்தரப்புக்கு அந்தத் திகதி தெரிந்துவிட்டால், பேரம் அதைச் சுற்றியே நடக்கும்.

அம்புலன்ஸுக்கு 1990. சுவசெரிய சேவைக்குக் காசு இல்லை. பொலிசுக்கு 119. டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி என்று எந்த அரச ஆஸ்பத்திரிக்குப் போனாலும், சேர்க்கும்போதே "வாகன விபத்து" என்று சொல்லிப் பதிய வைக்க வேண்டும். "விழுந்துட்டாரு" என்று மட்டும் சொன்னால் கட்டில் சீட்டில் அப்படியே ஏறிவிடும். ஆறு மாதம் கழித்துக் காப்புறுதிக் கம்பனியின் சட்டத்தரணி அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார்.

அடுத்தது சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவம். இதைக் கொடுப்பது பொலிஸ், நிரப்புவது சட்ட வைத்திய அதிகாரி. காயம் எத்தனை, எந்த இடத்தில், எவ்வளவு நீளம், சாதாரண காயமா பாரதூரமான காயமா என்பதெல்லாம் இதில்தான் வரும். தண்டனைச் சட்டக் கோவையின் 311ஆம் பிரிவின்படி எலும்பு முறிவு பாரதூரமான காயம். கடும் வலியோ, வழமையான வேலையைச் செய்ய முடியாத நிலையோ 20 நாட்களுக்கு இருந்தால் அதுவும் அப்படியே. எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் கவனயீனமாக ஓட்டியவர் மீது பொலிஸ் போடும் குற்றச்சாட்டின் கனமும் அமையும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். நேரே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பொலிஸ் படிவம் இல்லை, சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்க்கவும் இல்லை. அப்படி நடந்திருந்தால், காயம் ஆறும் முன் பொலிசில் படிவம் வாங்கி அரச ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, பில் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். திரும்பிப் போன நாட்டில் தொடரும் சிகிச்சையின் பில்லும் அதே உறைக்குள் சேர வேண்டும்.

முறைப்பாடு போட வேண்டியது விபத்து நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில். உறவினர் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் நிலையம் அதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. போக்குவரத்துப் பிரிவு உத்தியோகத்தர் டேப் வைத்து அளந்து படம் வரைவார். மதகு, கிலோமீற்றர் கல் மாதிரி அசையாத ஒன்றிலிருந்து வண்டி விழுந்த இடம் எத்தனை அடி, பிரேக் தேய்ந்த தடம் எங்கே தொடங்குகிறது, கண்ணாடித் துண்டு பாதையின் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பவை அதில் இருக்கும். மலைப்பாதையில் ஒரு மழை பெய்தால் தடம் முழுக்கக் கானுக்குள் போய்விடும். ஆகவே காயப்படாத யாராவது அந்த இடத்திலேயே போனில் படம் எடுத்துவிடுவது நல்லது: வளைவின் இரு பக்கமும், நடுக்கோடும், இரண்டு வண்டிகளின் இலக்கத் தகடும் தெரிய வேண்டும். உடைந்த ஹெல்மெட்டையும் கிழிந்த ஜெக்கெட்டையும் வீசிவிடாதீர்கள். வண்டியை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்கும்வரை பொலிஸ் விடாது. அந்த அறிக்கைக்கு முன் அதைத் திருத்தக் கொடுக்கவும் கூடாது.

வாக்குமூலம் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. தமிழும் அரச கரும மொழி. "சேர், என்னோட வாக்குமூலத்த தமிழ்ல எழுதுங்க" என்று மரியாதையாகக் கேட்டால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கும் நிலையத்தில் எழுதுவார்கள். அவர் டியூட்டியில் இல்லாவிட்டால் காத்திருப்பது எவ்வளவோ மேல். விளங்காத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால், வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்தியது யார் என்று கையெழுத்துக்கு மேலே எழுதச் சொல்லுங்கள். தெரியாத வேகத்தை ஊகித்துச் சொல்லத் தேவையில்லை. பனி மூட்டத்தில் எவ்வளவு தூரம் தெரிந்தது, ஏறினீர்களா இறங்கினீர்களா, எத்தனையாவது கியர், வளைவுக்கு முன் ஹோர்ன் அடித்தீர்களா என்பதைச் சொன்னால் போதும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பிறகு கட்டணம் செலுத்தி எடுக்கலாம்.

அதே பொலிஸ் வாசலில்தான் சமாதானப் பேச்சும் தொடங்கும். வண்டிச் சேதத்துக்கு ஒரு தொகையை நீட்டி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருந்தால், பின்னர் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டாலும் கேட்க வழியில்லாமல் போகலாம். வண்டிச் சேதத்துக்கு மட்டும் என்று எழுதினால் ஒழிய, வைத்தியர் இறுதியாகச் சொல்லும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். நமது ஆட்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான்.

இனிச் சட்டத்தரணி. ஒரே விபத்துக்கு இரண்டு வழக்குகள் உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் தொடுப்பது குற்றவியல் வழக்கு. அதில் பாதிக்கப்பட்டவருக்காக ஒரு சட்டத்தரணி ஆஜராகலாம். நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே தனியாக வழக்குப் போட வேண்டும். பொலிஸ் வழக்கு வென்றால் காசு தானாக வரும் என்று நினைத்திருந்து காலம் கடத்தியவர்கள் பலர். ஆகவே சட்டத்தரணியிடம் முதல் கேள்வி, "மாவட்ட நீதிமன்றத்தில் விபத்து நட்டஈட்டு வழக்குப் பேசுவீர்களா?" என்பதாக இருக்கட்டும். காலையில் அவர்கள் நீதிமன்றத்துக்குள் இருப்பார்கள். விவரமாகப் பேசப் பிற்பகலில் ஒபிஸுக்குப் போங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலடிக்கே வந்து "இத்தனை வீதம் தந்தால் முடித்துத் தருகிறேன்" என்று பேசுகிறவர் தரகர். அவரிடம் அசல் தாள் ஒன்றைக்கூடக் கொடுக்க வேண்டாம். கட்டணம் நீதிமன்றத் தவணை ஒன்றுக்கு எவ்வளவு, வழக்குத் தாக்கலுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு ரசீது வாங்குங்கள். ஊரில் இருக்கும் உறவினர்தான் அடிபட்டவர், கையில் வசதியும் இல்லை என்றால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம். ஆலோசனை இலவசம். வழக்குப் பேச வருமானத்தைப் பார்ப்பார்கள்.

காலக்கெடுக்கள் கறாரானவை. நட்டஈட்டு வழக்கை விபத்திலிருந்து 2 வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். எதிர் வண்டியின் காப்புறுதிக் கம்பனியிடமிருந்து தீர்ப்புப் பணத்தை எடுப்பதென்றால், வழக்குத் தொடுக்கும் முன்போ தொடுத்து 7 நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் சாரதியிடம்தான் அறவிட வேண்டிவரும். அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் தாள்தான். அதனால் எதிர் வண்டியின் காப்புறுதிச் சான்றிதழில் கம்பனிப் பெயரும் பொலிசி இலக்கமும் என்ன என்று முதல் நாளே குறியுங்கள். இரு பக்கமும் பிழை இருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பிழையின் அளவுக்குத் தொகை குறையுமே தவிர, கோரிக்கையே இல்லாமல் போகாது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் வீதிப் பாதுகாப்புத் தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் முறைப்பாடு வேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்கு இரண்டு விடயம் தனியாகச் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்து என்பது சாதாரணம். இரண்டும் ஒரே ஆள் என்ற சத்தியக் கடதாசியை முதலிலேயே முடித்துவிடுங்கள். மற்றது, வேலைக்குப் போகும் வழியில் அல்லது திரும்பும் வழியில் அடிபட்டிருந்தால், வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கீழும் கேட்டுப் பார்க்க இடமுண்டு. சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

வண்டி ஓட்டியவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் லைசன் முதல் கேள்வியாக வரும். சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, இலங்கையில் அதற்கு அங்கீகாரம் எடுத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் வகுப்பிலும் முத்திரை இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் வாடகை வண்டியின் சேதத்தை உங்கள் தலையிலேயே கட்டுவார்கள். வண்டிக்காரரிடம் பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுக்காதீர்கள். உயிர்ச்சேதம் என்றால் கைது, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் ஆஜர். பிணையோடு வெளிநாடு போகத் தடையும் வரலாம். பிணையாளியின் கிராம உத்தியோகத்தர் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் இந்த இரண்டு கையெழுத்தையும் எடுப்பது பெரும்பாடு.

புறப்படுமுன் ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு உங்களுக்காகச் செயற்பட அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவத்தை நொத்தாரிசு முன் எழுதுங்கள். உங்களுக்காக ஆஜராகச் சட்டத்தரணிக்கு அதிகாரம் தரும் புரொக்ஸியிலும் கையெழுத்து வையுங்கள். மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் விடுமுறை. வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவதும் அந்த மாதங்களில்தான், ஆகவே வழக்கு நிலைமையை நேரில் பார்க்க எண்ணி வருகிறவர்கள் திகதியை முதலில் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடட்டும். நீதிமன்ற அழைப்பாணை நீங்கள் கொடுத்த ஊர் விலாசத்துக்கே வரும். அது தோட்ட விலாசமாக இருந்தால் கடிதம் ஒபிஸில் தங்கிவிடுவதுண்டு. கிளாக்கரிடம் பெயரையும் டிவிஷனையும் எழுதிக் கொடுத்து, லயத்தில் யாரிடம் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.