நாற்பது வளைவுகளும் ஒரு வாடகைக் காரும்

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு டொராண்டோவிலிருந்து பொள்ளாச்சிக்கு வந்திருந்தபோது, இளவயதில் தோட்டப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு வால்பாறைக்குச் சென்று வந்தேன். 2025 நவம்பர் 1 முதல் கட்டாயமாகியுள்ள இ-பாஸை முந்தைய இரவே எடுத்து வைத்திருந்ததால், ஆழியாறு சோதனைச் சாவடியில் தாமதம் ஏதுமில்லை. பிளாஸ்டிக் பைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

என் குறையெல்லாம் வாடகைக் கார் நிறுவனத்தின் மீதுதான். மலைப்பாதையில் பழகிய ஓட்டுநர் வேண்டும் என்று இருமுறை கேட்டு உறுதி பெற்றிருந்தும், காலையில் வந்த இளைஞர் சமவெளியில் மட்டுமே ஓட்டியவர். அதையும் ஆழியாறு தாண்டிய பிறகே தயக்கத்துடன் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. பழக்கமில்லாத ஒருவரை 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அனுப்பியவர்கள் மீதுதான் கோபம்.

ஏறும்போது தொல்லையில்லை. எதிரில் வந்த அரசுப் பேருந்துகள் வளைவுக்கு முன்பே ஒலி எழுப்பி, ஏறும் வண்டிக்கு வழிவிட்டு நின்றன. இறங்கும்போதுதான் அவர் மூன்றாம் கியரிலேயே வைத்து, வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே வர, பதினைந்தாம் வளைவருகே கருகிய வாடை காருக்குள் புகுந்தது. பிரேக் அளவுமீறிச் சூடேறினால் உள்ளிருக்கும் திரவம் கொதித்து, பெடல் பிடிப்பின்றி அமுங்கிவிடும் என்பதை அறிந்திருந்ததால், ஒன்பதாம் வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையில் ஓரங்கட்டச் சொன்னேன். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதுமாகத் தெரிந்தது. பத்தடி தள்ளி, சாலையோரச் சுவரின் மேல் ஒரு வரையாடு, பின்வளைந்த கொம்புகளை அசைக்காமல், எங்களைப் பொருட்படுத்தாமல் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தபடி இருந்தார்.

காலிக் கூடைகளுடன் பொள்ளாச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்த காய்கறி வேன்காரர் வாடையை உணர்ந்து வண்டியை நிறுத்தினார். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றப் போன இளைஞரைத் தடுத்து, "ஏறுன கியர்லயே எறக்கோணுங் கண்ணு, பிரேக்கச் சும்மா தொட்டாப் போதும்" என்றார். நாற்பது நிமிடம் ஆறவிட்டு, மீதி வளைவுகளில் அவருடைய வேனுக்குப் பின்னாலேயே, இரண்டாம் கியரில், மெதுவாக இறங்கி வந்து சேர்ந்தோம்.

புகார் சொன்னபோது, ஓட்டுநரை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்றே நிறுவனம் பதிலளித்தது. ஆகவே முன்பதிவு செய்பவர்கள் நிறுவனத்தின் வாக்கோடு நின்றுவிடாமல், வரப்போகும் ஓட்டுநரிடமே பேசி, அவர் கடைசியாக எந்த மலைக்கு ஓட்டினார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் அம்மா மீண்டும் போக விரும்பியபோது, பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தில் வால்பாறைப் பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்கு நேர்பின் இருக்கையில் அமர்ந்துகொண்டோம்.