பெங்களூர்லயே அரிக்கூணு கிடைக்குது, ஆனா காலைலயே போயிடணும்

ஃப்ரேசர் டவுன் பக்கம் குடகு சாமான் விக்கிற சின்ன கடை ஒண்ணு இருக்கு, மிளகு, காப்பித்தூள், தேன், கறிக்குப் புளிப்புக்கு ஊத்தற கச்சம்புளி இதெல்லாம் வருஷம் பூரா இருக்கும். மழை சீசன்ல மட்டும் சில நாள் வாசல்ல ஒரு மூங்கில் கூடை வைப்பாங்க, போன வாரம் அதுல எட்டிப் பாத்தா எங்க மார்த்தாண்டம் பக்கம் அரிக்கூணுன்னு சொல்ற பொடிக் காளான்! பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல பட்டன் காளானையே தின்னுட்டு இருந்த எனக்கு அந்த மண் வாசனை வந்ததுமே ஆத்தா வீட்டு கொல்லைப்புறம் கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

கால் கிலோ 350 ரூபா. விலை ஜாஸ்திதான், ஆனா இத யாரும் வளர்த்து விக்க முடியாது, ஏன்னா இத வளக்கறது கறையான். புத்துக்குள்ள காளான் தோட்டம் போட்டு வச்சிருக்கும், அதுல பழசானத வேலைக்கார கறையான் வெளில கொண்டாந்து மண்ணு மேல போடும், அந்தத் துணுக்குலேருந்துதான் மழைக்கப்புறம் நூத்துக்கணக்குல ஒரே இடத்துல முளைக்கும். குடை ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், வெள்ளையா, நடுவுல லேசா பழுப்பா ஒரு முனை. இதோட இனத்துலயே ஆப்பிரிக்காவுல ஒரு மீட்டர் அகலத்துக்கு குடை விரிக்கிற காளானும் இருக்கு, எனக்கென்னவோ ருசி இந்தப் பொடிசுலதான் இருக்கும்னு தோணுது.

கடைக்காரர் தேக்கு இலைல பொதிஞ்சு குடுத்தாரு, "இன்னைக்கே செஞ்சிடுங்கக்கா"ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. அது உண்மை, மறுநாளைக்கு வச்சா கொழகொழன்னு ஆயிடும். சுத்தம் பண்ணத்தான் முக்கா மணி நேரம் ஆச்சு, ஒவ்வொண்ணா அடிமண்ண கிள்ளி மஞ்சத்தண்ணில அலசணும். அப்புறம் சின்ன வெங்காயம், பச்சமிளகா, தேங்கா, சீரகம் ஒண்ணுரெண்டா சதச்சுப் போட்டு, தண்ணியே ஊத்தாம அது விட்ட தண்ணிலயே வெந்த துவரன், தேங்கா போட்ட பொரியல் மாதிரி. என் பையன் மொத தடவ சாப்புடறான், சட்டில ஒட்டினதையும் சோறு போட்டு பிசைஞ்சு தின்னுட்டான்.

ரெண்டாவது தடவ வாங்கினப்ப எனக்கு சங்கடமாப் போச்சு. கடைக்காரர் இல்ல, வேலைக்கு நிக்கிற தம்பி பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் குடுத்தான், வீட்டுக்கு வர்றதுக்குள்ள வேர்த்துப் போயிருந்துச்சு. அதவிட பெருசு, கிள்ளும்போது தண்டுல வளையம் வச்ச வேற காளான் ரெண்டு உள்ள கிடந்துச்சு. அரிக்கூணுக்கு வளையம் கிடையாது, வளையம் இருக்கற வெள்ளைக் காளான்ல விஷம் உள்ளதும் இருக்கு, அதனால மொத்தத்தையும் கொட்டிட்டேன். போன் பண்ணி சொன்னதும் சாக்கு சொல்லாம காச திருப்பிட்டாங்க, அதுக்காகவே மறுபடியும் போவேன். ஆனா கூடைல போடறதுக்கு முன்னாடி அவங்களே பொறுக்கிப் பாக்கணும், இத அவங்ககிட்டயே சொல்லிட்டேன்.

ஒம்பது மணிக்குள்ள போங்க, இலைலதான் வேணும்னு கேளுங்க. கூணு பாத்துப் பழக்கமில்லாதவங்க தெரிஞ்ச ஆள கூட்டிட்டுப் போய் வாங்குங்க.