ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம்: சர்வீஸ் சென்டரா, ஊர் ஒர்க்‌ஷாப்பா?

குமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற வழியில் ஏற்றம் வரும் இடங்களில் மட்டும் என் டீசல் காரில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் ‘புஸ்ஸ்ஸ்’ என்று, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி. காலை எடுத்தால் நின்றுவிடும். வீட்டு முற்றத்தில் நிறுத்தி எவ்வளவு முறுக்கினாலும் வராது. இந்த ஒரே சத்தத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் போனேன், ஊர் ஒர்க்‌ஷாப்புக்கும் போனேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

சர்வீஸ் சென்டரில் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் அட்வைசர். ஜாப் கார்டில் அவர் எழுதியது ‘வண்டியில் சத்தம்’ என்ற இரண்டே சொற்கள். வண்டியைப் பார்த்த டெக்னீஷியனோ என்னிடம் பேசவே இல்லை. ஷெட்டுக்குள் நிறுத்தி முறுக்கிப் பார்த்திருக்கிறார்கள், சமதரையில் ஒரு சுற்று ஓட்டியிருக்கிறார்கள், சத்தம் வரவில்லை. சாயங்காலம் போனபோது, டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற பாகம், பலவீனமாக இருக்கலாம், மாற்றினால் நல்லது என்றார்கள். ஐந்து இலக்கத்தில் செலவு, லேபருக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. சத்தத்தைக் கேட்டவன் ஒருத்தன், எழுதினவர் ஒருத்தர், கை வைத்தவர் இன்னொருத்தர். அந்த ஏற்பாட்டில் சத்தம் நடுவழியிலேயே தொலைந்துவிடுகிறது.

ஒர்க்‌ஷாப் ஆசான் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. “தம்பி, வண்டிய எடுங்க, நானும் வாறேன்” என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஏற்றம் வந்ததும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். “அந்த மதில ஒட்டிப் போங்க.” நம்ம ஊர்ச் சாலையோரம் கல் மதிலுக்குப் பஞ்சமில்லை. வெட்டவெளியில் கரைந்துபோகிற சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வரும். இடது பக்கத்து மதிலில் தெளிவாகக் கேட்டது. திரும்பி வந்து டார்ச் அடித்து, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. ஹோஸை இரண்டு கையாலும் வளைத்ததும் நகத்தளவு வெடிப்பு ஒன்று வாயைத் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. பாரம் இல்லாமல் முறுக்கும்போது டர்போ பெரிதாக அழுத்தம் கொடுக்காது, அதனால் வெடிப்பு மூடியே இருக்கும். ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போதுதான் காற்று பிய்த்துக்கொண்டு வெளியேறும். ஷெட்டுக்குள் சத்தம் வராததற்கு இதுதான் காரணம்.

இதே இடத்தில் டர்போவே கெட்டிருந்தால் எப்படி இருக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார். ஹோஸ் கிழிந்தால் காற்றுச் சத்தம், இழுவை குறைவு, கரும்புகை. டர்போ பேரிங் போனால் சைரன் மாதிரி ஊளை, நீலப்புகை, ஆயிலும் குறைந்துகொண்டே வரும். அப்படியானால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

அதற்காக ஒர்க்‌ஷாப்தான் எப்போதும் மேல் என்று நினைத்துவிட வேண்டாம். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா, வாரண்டி பாக்கி இருக்கிறதா, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து சத்தம் வருகிறதா? யோசிக்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று ஓடும்போதே காட்டும் ஸ்கேனருக்கு முன்னால் எந்தக் காதும் நிற்காது. காது கூர்மையில்லாத ஒர்க்‌ஷாப்பில் மாட்டினால் ‘இத மாத்திப் பாப்போம், அத மாத்திப் பாப்போம்’ என்று நம் காசில் பாடம் படிப்பார்கள். பார்ட்ஸ் ஒரிஜினலா என்ற கவலை வேறு.

இரண்டில் எங்கே போவதானாலும் அதற்கு முன் அரை மணி நேரம் நீங்களே செலவழியுங்கள். நிறுத்தி முறுக்கினாலே சத்தம் வந்தால் இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம் பாருங்கள். காலையில் கீச்சிட்டால் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், சத்தம் மாறினால் குற்றவாளி அதுதான். அறுபதில் போகும்போது ஆக்சிலேட்டரை விட்டும் சத்தம் குறையாமல் வேகத்தோடேயே இருந்தால் அது டயர் அல்லது வீல் பேரிங். லேசாக இடப்பக்கம் வளைக்கும்போது இரைச்சல் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக மிதிக்கையில் ‘டிக் டிக்’ என்றால் சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட். அதை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிந்ததுமே கவனித்திருந்தால் பூட்டும் கிரீஸும் போட்டுத் தப்பியிருக்கலாம்; டிக் வந்த பிறகு ஜாயிண்டையே மாற்ற வேண்டும். எடுக்கும்போது ‘தட்’ என்று ஒரு அடி என்றால் இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட். பெட்ரோல் வண்டி ஏற்றத்தில் டப்பாவில் கூழாங்கல் குலுக்குகிற மாதிரி சத்தம் போட்டால் கியரைக் குறைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் அது நாக்கிங், அதாவது பெட்ரோல் முறை தவறி எரிகிற சத்தம். அதன் காரணத்தைத் தேட ஸ்கேனர் இருக்கிற இடம்தான் நல்லது.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் நிற்கிற வண்டியானால் முதலில் சைலன்சருக்கு மேலே இருக்கிற தகட்டைத் தட்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் போல்ட் அரித்துப்போய், குறிப்பிட்ட ஒரு முறுக்கில் மட்டும் தகடு அதிரும். ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினால் முடிந்தது. சைலன்சர் குழாயே ஓட்டையானால் தள்ளிப்போடாதீர்கள், ஏசி போட்டு மூடிய வண்டிக்குள் அந்தப் புகை வருவது உயிருக்கு ஆபத்து. சோதனை ஓட்டத்துக்கு ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போகவேண்டாம். கணவாய்க் காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் விடியற்காலையில் ஏறிப் பாருங்கள்.

என் முடிவு இதுதான்: விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டர், சத்தம் மட்டும் என்றால் கூட ஏறி வருகிற ஒர்க்‌ஷாப். ஹோஸை நான் கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரிலேயே வாங்கினேன். ஆசான் மாட்டி, கிளாம்பை இறுக்கிவிட்டு, அதே ஏற்றத்தில் என்னோடு மறுபடி வந்தார். மதிலை ஒட்டி, கண்ணாடியை இறக்கி, மூன்றாவது கியரில். டயர் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் கூலி எவ்வளவு என்று சொன்னார்.