டெட் கேன் டான்ஸின் 'ஸ்பிரிட்சேசர்': ஒரு மைக் செட்காரனின் காதுக்கு

கோதிக் இசை என்றாலே கல்லறை, வௌவால், கறுப்புக் கோட்டு என்று நினைக்கிறவர்கள் 'டெட் கேன் டான்ஸ்' குழுவையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பெயர் அப்படி. ஆனால் 1996இல் வந்த இவர்களுடைய 'ஸ்பிரிட்சேசர்' ஆல்பத்தில் கல்லறையைத் தேடினால் கிடைக்காது. இதில் இருக்கிற இருட்டு ராத்திரி வானத்தின் இருட்டு. உலக இசைப் பக்கம் ரொம்பத் தள்ளிப் போய்விட்டார்கள் என்று இந்த ஆல்பத்தைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இவர்களிடம் பிடித்ததே இதுதான்.

என் தொழில் மைக் செட். தென்காசிப் பக்கத்தில் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று போய்க்கொண்டிருக்கும். அதனால் எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் பேஸ், அப்புறம் எக்கோ, கடைசியில்தான் பாட்டு. இந்த சிடியைப் பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா மகன் பழைய சிடி விற்கிற இடத்தில் எடுத்து வந்தான். "மாமா, இது போன்ல கேக்குற பாட்டு இல்ல, உங்க பாக்ஸ்ல போட்டுப் பாருங்க" என்றான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

குழுவில் முக்கியமானவர்கள் இரண்டே பேர். லிசா ஜெரார்ட், பிரெண்டன் பெர்ரி. 1981இல் மெல்போர்னில் தொடங்கி, அடுத்த வருடமே லண்டனுக்குப் போய், ஃபோர் ஏடி என்ற இசைக் கம்பெனியில் சேர்ந்தார்கள். காக்டோ ட்வின்ஸ் இருந்த அதே கம்பெனி. அங்கிருந்து வந்த மிதக்கிற மாதிரியான, எக்கோ நிறைந்த கோதிக் இசைக்கு இந்த இரண்டு குழுக்களும்தான் அடையாளம். பெர்ரிக்கு நியூசிலாந்தில் பங்க் குழுவில் வாசித்த பழைய கதை உண்டு. குரல் கனமான ஆண் குரல், நிதானமாகப் பாடுவார். ஜெரார்ட் வேறு ரகம். மெல்போர்னில் கிரேக்கர்களும் துருக்கியர்களும் வாழ்ந்த பிராரன் பகுதியில் வளர்ந்தவர். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பாட்டெல்லாம் காதில் ஊறி, சின்ன வயதிலிருந்தே எந்த மொழியிலும் இல்லாத சொற்களில் பாடப் பழகியவர். ஆகவே சொல் புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், யாருக்குமே புரியாது. 'கிளாடியேட்டர்' படத்தில் ஹான்ஸ் ஜிம்மரோடு சேர்ந்து இசையமைத்தவர் இவர்தான் என்றால், அந்தக் குரல் பலருக்கும் நினைவு வரும்.

ஒலிப்பதிவு நடந்த இடம் அயர்லாந்தில் பெர்ரி ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்ட 'குவிவி சர்ச்' என்ற பழைய தேவாலயம். எக்கோவை மெஷினில் கூட்டிவைப்பதற்கும், பெரிய கூடத்தில் சத்தம் தானாகச் சுற்றி வருவதற்கும் வித்தியாசம் உண்டு. மெஷின் எக்கோவை அதிகம் திறந்தால் சொல்லும் மேளமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் நாங்கள் தினமும் படுகிற பாடு அது. இந்த ஆல்பத்தில் எவ்வளவு கட்டடம், எவ்வளவு மெஷின் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு தோல் வாத்தியமும் தனக்கென்று ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையை மிதிக்கவில்லை. ஒலிப்பதிவுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் முழு மார்க்.

மொத்தம் எட்டுப் பாட்டு, ஐம்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. முதல் பாட்டு 'நியரிகா' தாளமும் கோரஸுமாக வேகமாகப் போகும். நல்ல தொடக்கம்தான், ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஆல்பம் முழுக்க இப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாவதாக வரும் 'சாங் ஆஃப் தி ஸ்டார்ஸ்' பத்து நிமிடப் பாட்டு. அவசரமே இல்லை. நட்சத்திரங்கள் பாடுகின்றன என்பதுதான் விஷயம். விண்வெளி இசை என்றதும் சிலர் சிந்தசைசரில் ராக்கெட் கிளம்புகிற சத்தத்தை எதிர்பார்ப்பார்கள். அது வேண்டுமென்றால் கனடாவின் டெலிரியம் குழு 1994இல் போட்ட 'ஸ்ஃபியர்ஸ்' ஆல்பத்துக்குப் போகலாம், அங்கே அண்டவெளி நிஜமாகவே ஆளில்லாமல் கிடக்கும். ஸ்பிரிட்சேசரில் வானம் தெரிவது மண்ணில் நிற்கிறவன் கண்ணுக்கு. கீழே யாரோ மேளம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், மேலே ஜெரார்டின் குரல். அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஒலியாலேயே காட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது 'இண்டஸ்'. நம் ஊர்க்காரர்கள் இந்த ஒரு பாட்டுக்காகவே ஆல்பத்தை வாங்கலாம். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். அடியில் சுருதி நிற்க, அதன்மேல் கம்பி வாத்தியங்கள் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப இழைத்துக்கொண்டே வரும். இந்த மெட்டுக்கு ஒரு கதை உண்டு. 1967இல் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'விதின் யூ விதவுட் யூ' பாட்டின் மெட்டுக்கு மிக நெருக்கமாக இது அமைந்துவிட்டது. தெரிந்து செய்தது இல்லை. ஆனாலும் கம்பெனி ஹாரிசனிடம் பேச வைத்து, பாட்டில் அவருக்கும் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஹாரிசனோ தன் பாட்டுக்கு அடிப்படை பண்டிட் ரவிசங்கர் அகில இந்திய வானொலிக்காகச் செய்த ஒரு நீண்ட இசைத் துண்டு என்று சொன்னவர். ஹாரிசன் பாட்டின் சுரங்களை இந்துஸ்தானிக்காரர்கள் காமாஜ் தாட்டில், அதாவது அந்தப் பெயருள்ள சுர அடுக்கில், வைப்பார்கள். நம் கணக்கில் ஹரிகாம்போதி. ஆக வானொலியிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து அயர்லாந்துத் தேவாலயம் என்று சுற்றிவிட்டு, தென்காசியில் என் பாக்ஸில் வந்து நிற்கிறது. இதில் யார் யாருக்குக் கடன் என்று கணக்குப் பார்ப்பது வீண் வேலை.

ஒரு கொடைக்குச் செட் கட்டி முடித்து, சாயங்காலம் டெஸ்டிங்குக்கு இந்தப் பாட்டைப் போட்டேன். குழாய் எல்லாம் ஆஃப், தரையில் வைத்த பேஸ் பாக்ஸும் டாப்பும் மட்டும். பந்தல்காலில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏன்டே, ஒத்து மட்டும் போய்க்கிட்டே இருக்கு, நாயனம் எப்ப வரும்?" என்றார். ஒத்து என்றால் நாயனத்துக்குத் துணையாக ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழல். இதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கும் கண்டதில்லை. இண்டஸின் பலமும் பலவீனமும் அந்தக் கேள்வியிலேயே இருக்கின்றன. ஒத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளத் தெரிந்தவனுக்கு ஒன்பது நிமிடம் பத்தாது. நாயனத்துக்குக் காத்திருக்கிறவனுக்கு ஆலாபனை வராது, கமகம் வராது, ராகம் எங்கேயும் விரியாது. எனக்கே ஆறாவது நிமிடத்துக்கு மேல் அந்தக் கம்பிக்குள் யாராவது வேகமாக ஒரு பிருகா போட்டுச் சுரங்களைச் சுழற்ற மாட்டார்களா என்று கை பரபரக்கும்.

'தி ஸ்னேக் அண்ட் தி மூன்' என்று பெயரைப் பார்த்தவுடன் நமக்கு ராகுவும் கிரகணமும் நினைவு வரும். அந்தப் புராணத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும் ஒத்துப்போகிறது. தாளம் பிடித்தவர்களுக்கு ஆல்பத்தில் இதுதான். 'சாங் ஆஃப் தி டிஸ்பொசெஸ்ட்' பெர்ரி ஆங்கிலத்தில் பாடுவது. அழகான பாட்டு, வானத்திலிருந்து பூமிக்கு இறங்கிவிட்ட மாதிரி இருக்கும். 'டெடிகாசே ஊட்டோ' ஒரு நிமிடச் சொச்சம்தான், வந்ததே தெரியாது. 'சாங் ஆஃப் தி நைல்' எட்டு நிமிடம் ஓடுகிறது; ஐந்தில் நிறுத்தியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது.

கடைசிப் பாட்டு 'டெவோர்ஷம்'. மேளத்தை எல்லாம் ஏறக்கட்டிவிட்டு, ஜெரார்டின் குரலை அடித்தொண்டையில் வைத்துத் தாலாட்டு மாதிரி ஒன்று. இந்த ஆல்பம் ஜெரார்டின் இறந்துபோன சகோதரர் மார்க்கின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அது தெரிந்தபிறகு கேட்டால் இந்தப் பாட்டின் கனம் வேறு. ஒப்பாரி இல்லை, அழுகை இல்லை. பழைய கோதிக் வாசனை ஆல்பத்தில் மிச்சம் இருக்கிற இடமும் இதுதான்.

இதற்குப்பின் 1998இல் குழு பிரிந்தது. 2005இல் மேடைக்காகச் சேர்ந்தார்கள், அடுத்த ஸ்டூடியோ ஆல்பம் 'அனஸ்டாசிஸ்' 2012இல்தான் வந்தது.

வாங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், இரட்டை ரெக்கார்டாகவும் கிடைக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பாதியில் எழுந்து எழுந்து ரெக்கார்டைத் திருப்பிப் போட வேண்டும். இந்த ஆல்பத்துக்கு அது சரிப்படாது. சிடி போதும். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்கள் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஈக்வலைசரில் பேஸைக் கூட்டவும் வேண்டாம், தேவையானது பதிவிலேயே இருக்கிறது. கூட்டினால் சாங் ஆஃப் தி ஸ்டார்ஸில் மேளம் வீங்கிக் குரலை மறைக்கும். இந்தக் குழுவையே முதல்முறை கேட்கிறவர்கள் 1994இல் வந்த மேடை ஆல்பமான 'டுவர்ட் தி விதின்'னில் தொடங்கிவிட்டு இதற்கு வருவது நல்லது. கறுப்புக் கோட்டு ஆட்கள் 1987இல் வந்த 'விதின் தி ரெல்ம் ஆஃப் எ டையிங் சன்'னுக்குப் போகலாம், அவர்களுக்கு வேண்டியது அங்கே இருக்கிறது.