மேற்கு ஆப்பிரிக்கத் தங்கக் கல் பெட்டி: கற்கள் அருமை, அட்டை பிழை

பன்னிரண்டு கற்கள், ஒரு காந்தம், ஒரு புற ஊதா விளக்கு, வகை பிரிக்க ஓர் அட்டை. ஊட்டியில் 4,800 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பெட்டியைக் கற்களுக்காகத் தாராளமாக வாங்கலாம். அட்டையை நம்பி வாங்க வேண்டாம்.

கற்களை விவரம் தெரிந்தவர்தான் பொறுக்கியிருக்கிறார். கானாவின் ஒபுவாசிக் கல்லில் கரிய பாறைக்குள் ஆர்சனிக் கலந்த வெள்ளி நிறக் கனிமமான ஆர்சனோபைரைட் ஊசி ஊசியாக மின்னுகிறது. பத்து மடங்கு லென்ஸே போதும். அதே நாட்டு டார்க்வா கல் பழைய ஆற்றுக் கூழாங்கற்கள் இறுகியது. ஐவரி கோஸ்டின் இட்டி கல்லில் கார்னெட் என்ற கனிமம் தெரிகிறது: சூடான தீப்பாறை சுண்ணாம்புப் பாறையைத் தொட்டு உருவான ஸ்கார்ன். புர்கினா ஃபாசோவின் கவுவா கல்லில் செம்பும் உண்டு.

அட்டை சறுக்குவது கானாவின் அயன்ஃபுரி கல்லில். தங்கம் கிரானைட்டுக்குள் இருக்கிறது, ஆகவே அது தீப்பாறை ஊடுருவலால், அதாவது உருகிய பாறைக் குழம்பு உள்ளே புகுந்து இறுகியதால், வந்த தங்கம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால் வேறு வழியும் உண்டு. சுமார் 210 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலப்பரப்பு நெருக்கப்பட்டபோது, மெத்தென்ற படிவப் பாறை வளைந்து கொடுத்தது; விறைப்பான கிரானைட் வெடித்தது. வெடிப்பு வழியே ஆழத்திலிருந்து ஏறிய வெந்நீர் குவார்ட்ஸையும் தங்கத்தையும் விட்டுச் சென்றது. அதற்கு வெகு காலம் முன்பே அந்தக் கிரானைட் ஆறிப்போயிருக்கலாம். ஊடுருவல்தான் தங்கத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல, கிரானைட்டின் வயதும் தங்கத்தின் வயதும் ஒட்டியிருக்க வேண்டும். பிஸ்மத், டெல்லூரியம், டங்ஸ்டன் சேர்ந்து வர வேண்டும். ஊடுருவலிலிருந்து விலக விலக ஆர்சனிக், ஆன்டிமனி என்று உலோகக் கூட்டு மாற வேண்டும். இந்த விவாதத்துக்கு மாலி நாட்டின் மொரிலா தங்கச் சுரங்கமே சரியான பாடம். அது பெட்டியில் இல்லாதது பெரிய குறை.

விளக்கும் பொருந்தவில்லை. டங்ஸ்டன் கனிமமான ஷீலைட் 254 நானோமீட்டர் குறுஅலையில்தான் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிரும். கொடுத்திருப்பது 365 நானோமீட்டர். அதை அடித்துப் பார்த்துவிட்டு ஷீலைட் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். காந்தத்திலும் கவனம் வேண்டும்: இரும்புக் கனிமமான மேக்னடைட் மட்டுமல்ல, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பிர்ரோடைட்டும் ஒட்டும். வெண்கல நிறத்தில் மின்னினால் அது பிர்ரோடைட். கறுப்பாக இருந்தால் மேக்னடைட். மஞ்சள் புள்ளியை ஊசியால் குத்துங்கள். தங்கம் பள்ளம் விழும், தங்கம் போல ஏமாற்றும் பைரைட் பொடியாகும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒபுவாசிக் கல்தான் அதிகம் பயன்படும். தேவாலா, பந்தலூர் பக்கம் 1880 வாக்கில் லண்டன் கம்பெனிகள் துரத்திய தங்கமும் பழைய பாறைகள் நெரிந்து நகர்ந்த பட்டையில் (நெரிவு மண்டலத்தில்) ஓடும் குவார்ட்ஸ் நரம்புகளில்தான் இருந்தது. ஒபுவாசிக் கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், நரம்பு எங்கே வளைகிறது, ஓரத்துப் பாறை எப்படி நிறம் மாறுகிறது என்று எதைத் தேட வேண்டும் என்பது புரியும்.

கடைசியாக, பெட்டியின் உள்ளே விரித்திருக்கும் பஞ்சு. கூடலூர் மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் பிர்ரோடைட் உள்ள கல்லும் பைரைட் உள்ள கல்லும் துருப்பிடித்து அமிலம் கசியவிடும். மஞ்சள் பொடி பூக்கும், லேபிள் அரித்துப் போகும். வாங்கிய அன்றே பஞ்சை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கல்லையும் இறுக மூடும் டப்பாவில் ஆரஞ்சு நிற சிலிகா ஜெல்லோடு போடுங்கள். கல்லின் எண்ணைக் கல்லிலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். ஒபுவாசிக் கல்லைத் தட்டினால் பூண்டு வாடை வரும், அது ஆர்சனிக். சூடாக்கவே கூடாது, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். அட்டையில் இந்த எச்சரிக்கையே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வாங்குபவர்கள் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.