பயாஸ் அப்டேட் கருவி: வேலை சுத்தம், விளக்கம் சுத்தமாக இல்லை

முழுமையாகப் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வரும் டெஸ்க்டாப் ஒன்றில், அதன் தயாரிப்பாளரே தரும் அப்டேட் செயலி வழியாகப் பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன் ஓடிக் கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்த அனுபவத்தை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பயாஸில் கை வைக்காமல் இருப்பதே என் வழக்கம். ஆனால் என்னுடையது 13ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசசர். அந்தத் தலைமுறையிலும் அடுத்ததிலும் சில டெஸ்க்டாப் ப்ராசசர்கள் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்டு நாளடைவில் பழுதாவதை இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024இல் வெளியிட்ட மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஓடும் உள்கட்டளைகள்) திருத்தங்கள் பயாஸ் வழியாகவே வந்தன. ஏற்கெனவே பழுதானதை அவை சரிசெய்யா என்பதால், அறிகுறி தோன்றும் வரை காத்திருப்பதில் பயனில்லை.

செயலியைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. மாடலைத் தானே கண்டறிந்து, அதற்குரிய கோப்பை மட்டுமே இறக்குகிறது. இத்தகைய கணினிகளில் இது முக்கியம். மதர்போர்டைச் செய்தது வேறொரு நிறுவனமாக இருந்தாலும், பயாஸ் கணினித் தயாரிப்பாளருக்கெனத் தனியாக மாற்றப்பட்டிருக்கும். சில்லறையில் விற்கும் அதே போன்ற போர்டின் கோப்பு இதற்குப் பொருந்தாது.

ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டை மெல்ல நகர்ந்தது. ஃபேன்கள் முழு வேகத்தில் இரைந்தன. பட்டை நிறைந்து கணினி அணைந்து மீண்டும் எழுந்த பிறகு, திரையில் எதுவுமே வராமல் சில நிமிடங்கள் கழிந்தன. யுபிஎஸ் இருந்ததால் மின்தடை பயம் இல்லை. என் விரலைத்தான் பவர் பட்டனிலிருந்து விலக்கி வைக்க வேண்டியிருந்தது. புதிய பயாஸ் ரேமை முதலிலிருந்து சோதித்துப் பழகும் நேரம் அது என்பதும், டிடிஆர்5 ரேமில் அது நீளக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதவர் அந்த இடத்தில் பட்டனை அழுத்திவிடுவார். அதைப் பற்றிச் செயலியில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்து நீலத்திரையில், டிஸ்க்கில் உள்ளவற்றைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், பயாஸ் மாறியதால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது செயலியின் பொறுப்பு. அது செய்யவில்லை, என்னைச் செய்யச் சொல்லவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருந்ததால், மொபைலில் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகத் தட்டி உள்ளே நுழைந்தேன். பிறகு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால், 5600 வேகத்தில் ஓடிய ரேம் 4800க்கு இறங்கியிருந்தது. ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி உட்பட நான் மாற்றி வைத்த அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருந்தன. ஸ்டோரேஜ் அமைப்பை ஒருவர் மாற்றி வைத்திருந்து அதுவும் இப்படித் திரும்பினால், விண்டோஸே எழாமல் போகலாம்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது வெளியீட்டுக் குறிப்பு. ‘பாதுகாப்பும் நிலைத்தன்மையும் மேம்படுத்தப்பட்டுள்ளன’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. எந்த மைக்ரோகோட் சேர்ந்திருக்கிறது என்பதை அப்டேட் முடிந்த பின் வேறொரு மென்பொருளில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் இந்த மாடலில் அடைக்கப்பட்டிருக்கும்போது, எதற்குச் சம்மதிக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்வது குறைந்தபட்ச மரியாதை.

ஐந்துக்கு மூன்று. அடுத்த முறை பிட்லாக்கரை நானே நிறுத்தி, பயாஸ் திரைகளை மொபைலில் படம் பிடித்து வைத்துக்கொண்டுதான் இதைத் திறப்பேன்.